ரிக்லி ஃபீல்ட் சுவரில் ஏன் இறந்தவர்களின் பெயர்களை எழுதினார்கள்?

2016 வேர்ல்டு சீரிஸின் (அமெரிக்க பேஸ்பாலில் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் இறுதித் தொடர்) கடைசி ஆட்டத்தை வீடியோவில் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்: ஜெயித்த சிகாகோ ரசிகர்கள் சிரித்ததைவிட அழுததுதான் அதிகம், அது ஏன்? மறுநாள் சிகாகோ அணியின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டின் சுவர் முழுக்கச் செத்துப்போன தாத்தா பாட்டி பெயரைச் சாக்பீஸால் எழுதினார்களே, அது எதற்கு? எந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேஸ்பால் ரசிகர்கள் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதையில் போய் நிற்கிறார்களே, வேறு பேச்சே கிடையாதா?

மூன்றுக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் கொஞ்சம் சுற்றி வந்துதான் சொல்ல முடியும்.

சிகாகோவில் சில வருஷம் குடியிருந்தவன் நான். 2016இல் அங்கேதான் இருந்தேன். கீழ் வீட்டுக்காரர் தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர், பிறந்ததிலிருந்து சிகாகோ கப்ஸ் அணியின் ரசிகர். பேஸ்பாலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித் தந்தது. அந்த ஏழாவது ஆட்டத்தையும் அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

நவம்பர் 2, கிளீவ்லாந்து மைதானம். ஏழு ஆட்டத் தொடரில் கப்ஸ் 1-3 என்று பின்தங்கி, அடுத்த இரண்டையும் ஜெயித்து 3-3 ஆக்கியிருந்தார்கள். ஆட்டம் தொடங்கியதுமே முதல் மட்டையாளர் டெக்ஸ்டர் ஃபௌலர் ஹோம் ரன் (பந்தைச் சுவருக்கு வெளியே அடித்து, அடித்தவரும் பேஸ் எனப்படும் மூலைகளில் காத்திருப்பவர்களும் ரன் எடுப்பது) அடித்தார். ஓய்வு பெறப்போகும் 39 வயது கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) டேவிட் ராஸும் ஒன்று அடித்தார். எட்டாவது இன்னிங்ஸின் பின்பாதியில், அதாவது கிளீவ்லாந்து மட்டை பிடிக்கும் பாதியில், கப்ஸ் 6-3 முன்னிலை. பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஒரு அணிக்கு மூன்று அவுட். கிளீவ்லாந்துக்கு மிச்சம் இருந்தது நாலே அவுட்.

அந்த நேரத்தில் பந்து வீச வந்தவர் அரோல்டிஸ் சாப்மன். மணிக்கு நூறு மைல் வேகத்தில் வீசக்கூடியவர். முந்தைய இரண்டு ஆட்டங்களிலும் அவரை வழக்கத்தைவிட அதிகமாக வீச வைத்திருந்ததால் கை களைத்திருந்தது. முதலில் பிராண்டன் கையர் ஒரு டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓடிச் சேரும் அடி) அடிக்க, 6-4. அடுத்து ரஜாய் டேவிஸ். ஓட்டத்துக்குப் பெயர் போனவர், ஹோம் ரன்னுக்கு அல்ல. மட்டையைக் கைப்பிடியில் நன்றாக மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். பந்து தாழ்வாகப் பறந்து இடது பக்கச் சுவரைத் தாண்டி விழுந்தது. 6-6.

கீழ் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கீழ் வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், யாரைப் பார்த்தும் அல்ல: “இரண்டாயிரத்து மூன்று.”

சாப்மனையோ அவரை அனுப்பிய மேனேஜர் ஜோ மேடனையோ அவர் திட்டவில்லை. வருஷத்தைச் சொன்னார். நீங்கள் கேட்பதன் மொத்தமும் அங்கே இருக்கிறது. கண்முன் நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்துக்கு அவர் காட்டிய முதல் உணர்ச்சியே ஒரு பழைய ஆட்டத்தின் பெயர்.

அதற்கு கப்ஸின் கதை தெரிய வேண்டும். அந்த அணி அதற்கு முன் கடைசியாக வேர்ல்டு சீரிஸ் ஜெயித்தது 1908இல். இறுதித் தொடரை எட்டியதே 1945இல்தான் கடைசி, அதிலும் டெட்ராய்ட்டிடம் தோற்றார்கள். அந்தத் தொடரின் நாலாவது ஆட்டத்துக்கு பில்லி சியானிஸ் என்ற மதுக்கடைக்காரர் தன் ஆட்டுக்கும் டிக்கெட் வாங்கிக் கூட்டி வந்தார், ஆட்டை மைதானத்துக்குள் இருக்க விடவில்லை, அவர் சாபம் விட்டார் என்பது கதை. ஆட்டுச் சாபத்தைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. சாபம் இல்லாமலேயே தோற்க அவர்களுக்கு வேண்டிய காரணம் இருந்தது, பல வருஷம் அணியே சுமார்தான்.

மனசை உடைத்தது நன்றாக ஆடிய வருஷங்கள். முதலில் 1969. எர்னி பேங்க்ஸ், பில்லி வில்லியம்ஸ், ரான் சான்டோ, ஃபெர்கி ஜென்கின்ஸ் என்று பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான மரியாதைப் பட்டியல்) இடம்பிடித்த நாலு பேர் ஒரே அணியில். ஆகஸ்ட் வரை வசதியான முன்னிலை. செப்டம்பரில் அப்படியே சரிந்து, நியூயார்க் மெட்ஸ் எட்டு ஆட்ட வித்தியாசத்தில் தாண்டிப் போய்விட்டார்கள். நியூயார்க்கில் நடந்த ஒரு ஆட்டத்தில் சான்டோ அடுத்து மட்டை பிடிக்கக் காத்து நின்றபோது ஒரு கறுப்புப் பூனை அவரைச் சுற்றிப் போன படத்தை இன்றைக்கும் சிகாகோவில் காட்டுவார்கள். பிறகு 1984. ஐந்து ஆட்டத் தொடரில் முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டு மிச்ச மூன்றையும் சான் டியாகோவிடம் விட்டார்கள். கடைசி ஆட்டத்தில் ஒரு பந்து லியன் டர்ஹமின் கால்களுக்கு நடுவே போனது.

அப்புறம் 2003, அக்டோபர் 14. இன்னும் ஐந்து அவுட் எடுத்தால் வேர்ல்டு சீரிஸுக்குப் போகலாம். 3-0 முன்னிலை. எல்லைச் சுவரோரம் விழப்போன பந்தைப் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு ரசிகர் தொட்டார், கப்ஸின் மொய்சஸ் அலூவின் கைக்கு அது வராமல் போனது. அந்த இன்னிங்ஸில் ஃபுளோரிடா மார்லின்ஸ் எடுத்தது எட்டு ரன். அந்தப் பந்துக்குப் பிறகு கப்ஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவர்) அலெக்ஸ் கொன்சாலஸ் கைக்கு வந்த ஒரு சுலபமான பந்தை விட்டதுதான் உண்மையான திருப்பம். பழி போனது அந்த ரசிகர் மேல். அதே பந்துக்கு அவரைச் சுற்றி இருந்த நாலைந்து கைகளும்தான் நீண்டன. அவரைப் பாதுகாப்போடு வெளியே கொண்டுபோக வேண்டி வந்தது, வீட்டுக்குக் காவல் போட வேண்டி வந்தது, வருஷக்கணக்கில் அவர் வெளியே முகம் காட்டவில்லை. பழசை மறக்காத ஊர் செய்த மிகப்பெரிய தப்பு அது. 2017இல் கப்ஸ் நிர்வாகம் அவருக்கும் ஒரு சாம்பியன்ஷிப் மோதிரம் கொடுத்தது. தாமதம்தான், ஆனாலும் செய்தார்கள்.

இப்படித் தோல்விகளை வருஷக் கணக்கோடு நினைவில் வைத்திருப்பது மற்ற விளையாட்டு ரசிகர்களிடமும் உண்டுதானே என்று கேட்பீர்கள். உண்டு. பேஸ்பாலில் அது ஏன் இவ்வளவு ஆழம் என்றால், எனக்குத் தெரிந்து இரண்டு காரணம்.

ஒன்று, இது தினசரி ஆட்டம். ஏப்ரல் முதல் செப்டம்பர் கடைசி வரை ஒரு அணிக்கு 162 ஆட்டம். வாரத்தில் ஆறு நாள் ஏதாவது ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். திருவிழா மாதிரி வந்துபோகும் விஷயம் அல்ல, சாப்பாட்டு நேரம் மாதிரி வீட்டோடு இருக்கிற விஷயம். ரிக்லி ஃபீல்டில் 1988 ஆகஸ்ட் வரை மின்விளக்கே கிடையாது, உள்ளூர் ஆட்டம் எல்லாம் பகலில்தான். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தால் கடைசி இரண்டு மூன்று இன்னிங்ஸை டிவியில் பிடித்துவிடலாம், கூட உட்கார்ந்து பார்க்க வீட்டில் பாட்டி இருப்பார். சிகாகோவில் ஒரு தலைமுறைக்கே கப்ஸ் என்றால் அந்தச் சாயங்காலம்தான். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே இடைவெளி இருக்கும். பேசாமல் இருக்க முடியாது. தாத்தா கதை சொல்வதற்கென்றே விட்டுவைத்த இடைவெளி மாதிரி இருக்கும். 2023இல் பந்து வீசும் பிட்சருக்குக் கடிகாரம் வைத்து அந்த இடைவெளியைச் சுருக்கிவிட்டார்கள். ஆட்டம் சராசரியாக இருபது நிமிஷத்துக்கு மேல் குறைந்தது. ஆட்டத்துக்கு அது நல்லதுதான், இளைஞர்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் பழைய ரசிகர்கள் வருத்தப்படும்போது எனக்குக் காரணம் புரிகிறது.

இரண்டாவது காரணம்தான் முக்கியம்: ஸ்கோர் அட்டை. மைதானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஒரு அட்டையை வைத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். இந்த வழக்கத்துக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தியும் எழுதிய பத்திரிகைக்காரர். ஆடுகளத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, பின்னால் இடது, நடு, வலது முறையே 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிந்து அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட் ஆனால் 6-4-3. மூன்று ஸ்ட்ரைக்கில் (மட்டையாளர் அடிக்கத் தவறிய நல்ல பந்துகள்) அவுட் ஆனால் கே என்ற எழுத்து, மட்டையை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையில் யார் எத்தனை அடித்தார், யார் பிடித்தார் என்று தெரியும். பேஸ்பால் அட்டையில் ஒவ்வொரு அவுட்டும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று இருக்கும். ஐம்பது வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் ஆட்டத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம்.

கீழ் வீட்டுக்காரரிடம் ஒரு செருப்புப் பெட்டி நிறைய அப்படி அட்டைகள் இருந்தன. ஒரு குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். ஆகஸ்ட் 19, 1969, அட்லாண்டாவுக்கு எதிரான ஆட்டம். அவருக்குப் பதினாலு வயசு, அண்ணனுக்குப் பத்தொன்பது, அண்ணன்தான் கூட்டிப்போனார். கப்ஸின் பிட்சர் கென் ஹோல்ட்ஸ்மன் அன்று எதிரணிக்கு ஒரு ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸ் சேர்வது) கூடக் கொடுக்கவில்லை. 3-0, மூன்று ரன்னும் முதல் இன்னிங்ஸில் சான்டோ அடித்த ஹோம் ரன்னில் வந்தவை. “இதில் என்ன இல்லை என்று கண்டுபிடி” என்றார். அட்டையை மேலும் கீழுமாகப் பார்த்தேன், தெரியவில்லை. அதில் ஒரு கே கூட இல்லை. இருபத்தேழு அவுட்டும் அடித்த பந்தில்தான். ஒருவரைக்கூட ஸ்ட்ரைக்கில் வீழ்த்தாமல் ஹிட்டே கொடுக்காமல் ஒரு ஆட்டத்தை முடிப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

ஏழாவது இன்னிங்ஸில் அட்லாண்டாவின் ஹாங்க் ஆரனின் கட்டத்தில் 7 என்று இருந்தது. இடதுபக்கக் காவலர் பிடித்தார் என்று பொருள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘காற்று’ என்று எழுதியிருந்தது, அவர் கையெழுத்து அல்ல, அண்ணனுடையது. ஆரன் அடித்த பந்து மைதானத்துக்கு வெளியே போகிற உயரத்தில் போனது, ஏரிப் பக்கத்திலிருந்து வீசிய காற்று அதைத் திருப்பி உள்ளே தள்ளியது, பில்லி வில்லியம்ஸ் சுவரில் படர்ந்திருந்த கொடியில் முதுகு ஒட்ட நின்று பிடித்தார். இதைச் சொல்லும்போது அவர் எழுந்து நின்று கொடிச்சுவரில் சாய்வது போலக் கையைத் தூக்கிக் காட்டினார். பென்சில் எழுத்து மங்கி, அட்டையின் மடிப்பு கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. அண்ணன் 2009இல் போய்விட்டார் என்று அப்போதுதான் சொன்னார். 2003 ஆட்டத்தையும் அவர்கள் சேர்ந்துதான் பார்த்திருக்கிறார்கள். எட்டாவது இன்னிங்ஸில் அண்ணன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாராம்.

அதனால்தான் அந்த ஒற்றை வருஷம் அவர் வாயில் வந்தது. அவருக்கு 2003 என்பது ஸ்கோர் மட்டும் அல்ல, வாசல் படியில் உட்கார்ந்திருந்த ஆள்.

காத்திருந்து பார்க்காமலே போனவர்கள் ஆட்டக்காரர்களிலும் உண்டு. எர்னி பேங்க்ஸ் 2,528 ஆட்டம் ஆடி 512 ஹோம் ரன் அடித்தார், சீசனுக்குப் பிந்தைய ஆட்டம் ஒன்றில்கூட இறங்கியதில்லை. 2015 ஜனவரியில் இறந்தார், கப்ஸ் ஜெயிக்க இன்னும் இரண்டு வருஷம்கூட இல்லை. சான்டோ சர்க்கரை வியாதியை மறைத்துக்கொண்டு ஆடியவர், பிற்காலத்தில் இரண்டு காலையும் இழந்தவர், ஓய்வுக்குப் பிறகு ரேடியோவில் கப்ஸ் வர்ணனை செய்தார். 1998 செப்டம்பர் 23, மில்வாக்கியில் பிராண்ட் பிரௌன் கடைசி கேட்சை நழுவவிட்டபோது மைக்கில் அவர் போட்ட “ஐயோ, இல்லை!” என்ற அலறலை சிகாகோக்காரர்கள் குரல் மாற்றாமல் சொல்லிக் காட்டுவார்கள். சரியாக 90 வருஷம் முன்பு, 1908இல் அதே செப்டம்பர் 23 அன்றுதான் நியூயார்க் ஜயன்ட்ஸின் ஃப்ரெட் மெர்க்கல் இரண்டாவது பேஸைத் தொடாமல் திரும்பிய தப்பினால் கப்ஸுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. இந்த மாதிரித் தேதிப் பொருத்தத்தை யாராவது ஒரு ரசிகர் உங்களிடம் கட்டாயம் சொல்வார். சான்டோ 2010 டிசம்பரில் போனார், ஹால் ஆஃப் ஃபேம் அவருக்கு 2012இல், போன பிறகுதான் கிடைத்தது.

பழைய காலம் எல்லாம் பொற்காலம் என்று இவர்கள் பேசும்போது நான் முழுசாக ஒத்துக்கொள்வதில்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும் வரை, அரை நூற்றாண்டுக்கு மேல், கறுப்பினத்தவரை அமெரிக்க பேஸ்பாலின் முதல்நிலைப் போட்டியான மேஜர் லீகில் சேர்க்கவில்லை. கப்ஸ் அணி முதல் கறுப்பின ஆட்டக்காரரை இறக்க 1953 செப்டம்பர் ஆனது, அவர்தான் எர்னி பேங்க்ஸ். 1908இலும் 1945இலும் ஆடிய அணிகளைப் பற்றிப் பேசும் எவரும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீழ் வீட்டுக்காரர் சொல்வார். அவர் அப்பா சொன்னதில்லையாம்.

கிளீவ்லாந்து ரசிகர்களையும் மறந்துவிடாதீர்கள். அவர்கள் கடைசியாக ஜெயித்தது 1948இல், பாப் ஃபெல்லரும் லாரி டோபியும் சாச்செல் பேஜும் இருந்த அணி. 1997இல் ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை முன்னிலையில் இருந்து தோற்றார்கள். டேவிஸின் ஹோம் ரன் சுவரைத் தாண்டியபோது அந்த மைதானத்தில் எழுந்த சத்தத்தை வீடியோவில் மறுபடி கேட்டுப் பாருங்கள். தோற்றாலும் அந்த ஒரு நிமிஷம் அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க இருக்கும். அங்கேயும் அன்று ராத்திரி எத்தனையோ வீட்டில் யாரோ ஒருவர் “தொண்ணூற்றேழு” என்றிருப்பார்.

சரி, ஆட்டத்தின் முடிவுக்கு வருகிறேன். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து 6-6, மழை. பதினேழு நிமிஷம் ஆட்டம் நின்றது. அந்த நேரத்தில் ஜேசன் ஹேவர்ட், அந்த சீசன் முழுக்க மட்டையில் திணறியவர், அணியை எடைப்பயிற்சி அறையில் கூட்டி வைத்துப் பேசினார். பத்தாவது இன்னிங்ஸில் முதலில் கைல் ஷ்வார்பர், ஏப்ரலில் முழங்கால் கிழிந்து சீசனையே இழந்து வேர்ல்டு சீரிஸுக்குத் திரும்பி வந்தவர், ஒரு ஹிட் அடித்தார். அவருக்குப் பதிலாக ஓட வந்த ஆல்பர்ட் அல்மோரா, உயரே போன கேட்சுக்குப் பிறகு துணிந்து இரண்டாவது பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். யாரும் பெரிதாகப் பேசாத அந்த ஓட்டம்தான் என்னைப் பொறுத்தவரை ஆட்டத்தை ஜெயித்தது. பென் ஸோப்ரிஸ்ட் இடது கோட்டோரம் ஒரு டபுள், மிகேல் மொன்டேரோ ஒரு சிங்கிள், 8-6. பின்பாதியில் டேவிஸ் மறுபடியும் ஒரு ரன் கொண்டு வந்தார், 8-7. இரண்டு அவுட். மைக் மான்ட்கோமரி வீச, மைக்கேல் மார்டினெஸ் மெதுவாக உருளும் ஒரு பந்தை அடித்தார். மூன்றாவது பேஸில் இருந்து ஓடி வந்த கிரிஸ் பிரையன்ட் எடுத்து எறிவதற்கு முன்பே சிரித்துக்கொண்டிருந்தார், ஈரப் புல்லில் கால் வழுக்கியது, ஆனாலும் எறி நேராக முதல் பேஸில் அந்தோணி ரிஸ்ஸோ கைக்குப் போனது. ரிஸ்ஸோ பந்தைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

கீழ் வீட்டுக்காரர் கத்தவில்லை. மடியில் இருந்த அட்டையில் கடைசிக் கட்டத்தில் 5-3 என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினார்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் ரிக்லி ஃபீல்டுக்குப் போனோம். வேவ்லண்ட் தெருவிலும் ஷெஃபீல்ட் தெருவிலும் செங்கல் சுவர் கண்ணுக்கு எட்டும் வரை நிறம் நிறமாகச் சாக்பீஸ். கை எட்டுகிற உயரம் எல்லாம் நிரம்பி, ஆட்கள் தோள்மேல் ஏறி நின்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்பா, பாட்டி, மாமா என்று உறவும் பெயரும், சில பெயருக்குக் கீழே பிறந்த, இறந்த வருஷம், சிலதில் ‘பார்த்தாயா?’ என்று மட்டும். யாரோ விட்டுப்போன சாக்பீஸ் பெட்டிகள் நடைபாதையில் கிடந்தன. தெரியாதவர்கள் தெரியாதவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். சத்தம் இல்லை என்று சொல்ல முடியாது, காரில் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள், ஆனால் சுவரோரம் நின்றவர்கள் மெதுவாகத்தான் பேசினார்கள்.

அவர் ஒரு நீலச் சாக்பீஸை எடுத்து, இடம் தேடித் தேடி, முழங்கால் உயரத்தில் ஒரு காலியான செங்கல்லைக் கண்டுபிடித்துக் குனிந்தார். அண்ணன் பெயரை எழுதினார். கீழே 5-3 என்று எழுதினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார், எப்படி முடிந்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும் இல்லையா என்று.